ஐஸ் கூடியதால் ஐஸ் உருகிய கதை

மாணவர்களே, ஐஸ்பெட்டியின் மோட்டார் 'ங்ம்ம்' என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. கதவைத் திறந்தால் விளக்கும் எரிகிறது. ஆனால் உள்ளே இருக்கும் ஐஸ்கிரீமில் கரண்டியை விட்டால், கஞ்சிக்குள் இறங்குவதுபோல் இறங்குகிறது. இப்படி உங்கள் வீட்டில் நடந்ததுண்டா? எங்கள் வீட்டில் நடந்தது. அதுவும் நடக்கக் கூடாத நேரத்தில் நடந்தது.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை காலை. ஜெஞ்சாரோமில் எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து அம்மா கூப்பிட்ட குரலே சரியில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். கையில் ஒரு கறிபாப் பொட்டலத்தோடு நின்றார்.

"இதைத் தொட்டுப் பாரும்மா."

தொட்டேன். கல்லாக இருக்க வேண்டியது. என் விரல் உள்ளே அமுங்கியது.

என் அம்மா கறிபாப் செய்து, பொரிக்காமல் உறைய வைத்து விற்பவர். பொட்டலத்துக்குப் பத்து. தீபாவளி நெருங்கினால் ஆர்டர் குவியும். அன்று உள்ளே 24 பொட்டலங்கள் இருந்தன, அதாவது 240 கறிபாப். ஒவ்வொன்றையும் ஓரம் மடித்து முடிக்க அம்மாவுக்கு இரண்டு இரவு ஆகியிருந்தது. அவற்றோடு ஆட்டிறைச்சி, பந்திங் சந்தையில் வாங்கிய செனாங்கின் மீன், என் அண்ணன் மகனுடைய ஐஸ்கிரீம்.

பழுதுபார்க்கும் ஒருவருக்குத் தொலைபேசியில் சொன்னோம். அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. "கேஸ் முடிஞ்சிருக்கும். கம்ப்ரசரும் போயிருக்கலாம். ஒன்பது வருசமா? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றார்.

'தூக்கிப் போடு' என்ற சொல் எங்கள் ஊர்க்காரர்கள் காதில் கொஞ்சம் வேறு மாதிரி விழும். 2018இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை நிறுத்தியபோது, உலகம் தூக்கிப் போட்டதில் ஒரு பகுதி ஜெஞ்சாரோமைச் சுற்றி வந்து குவிந்தது. சட்டவிரோதத் தொழிற்சாலைகள் இரவில் பிளாஸ்டிக்கை எரித்த நாற்றத்தை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. பிளாஸ்டிக், நுரை, செம்பு, எண்ணெய், வாயு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த பெட்டி இது. 'தூக்கிப் போட்டால் எங்கே போகும்?' என்ற கேள்வி எனக்கு உடனே வந்தது. அதற்கும் முன்னால் இன்னொரு கேள்வி இருந்தது. உண்மையிலேயே கேஸ் முடியுமா?

முடியாது. இதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். சமையல் கேஸ் எரிந்து தீரும். ஐஸ்பெட்டியின் கேஸ் எரிவதில்லை, செலவாவதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக் கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. குழாயில் ஓட்டை விழுந்தால் ஒழிய அது குறையாது. ஆகவே யாராவது 'கேஸ் குறைஞ்சிருக்கு, ஏத்தணும்' என்றால் நீங்கள் கேட்க வேண்டியது, 'ஓட்டை எங்கே அண்ணே?' என்றுதான். ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிக்கிற கதை.

வெப்பம் போகும் வழி

ஐஸ்பெட்டி குளிரை உண்டாக்குகிறது என்றுதான் பேச்சுவழக்கில் சொல்கிறோம். இயற்பியலில் குளிர் என்று ஒரு பொருள் கிடையாது. வெப்பம் மட்டுமே உண்டு. ஐஸ்பெட்டி ஒரு சுமைதூக்கி. உள்ளே இருக்கும் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போய் உங்கள் சமையலறையில் கொட்டுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

எதில் தூக்குகிறது? உள்ளங்கையில் கொஞ்சம் சானிடைசர் விட்டு ஊதிப் பாருங்கள். சில்லென்று இருக்கும். திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும், அதை உங்கள் கையிலிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. பள்ளியில் 'ஹபா பெண்டாம்' என்று படிக்கிறீர்களே, அந்த உள்ளுறை வெப்பம் இதுதான். ஐஸ்பெட்டியில் சானிடைசருக்குப் பதில், மிகக் குறைந்த வெப்பநிலையில் கொதிக்கும் ஒரு பொருள் இருக்கிறது. 'ஆர்-134ஏ' என்ற பொருள் சாதாரணக் காற்றழுத்தத்தில் -26 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். உறைபெட்டியின் பின்சுவருக்குள் இருக்கும் அலுமினியச் சுருளில் இது கொதிக்கும்போது, சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை இழுத்து அழுத்துகிறது. அழுத்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். சூடான ஆவி பெட்டியின் பின்புறத்திலோ பக்கச் சுவர்களிலோ உள்ள குழாய்களில் ஓடி, வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. பிறகு மிக மெல்லிய செப்புக் குழாய் ஒன்றைத் தாண்டும்போது அழுத்தம் சட்டென்று விழுந்து, மறுபடியும் அந்த அலுமினியச் சுருளுக்கு வந்து சேர்கிறது.

இந்தப் பொருளுக்கே ஒரு பெரிய கதை உண்டு. அந்தக் காலத்து ஐஸ்பெட்டிகளில் அமோனியா, கந்தக டைஆக்சைடு போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன. 1920களின் இறுதியில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் நச்சில்லாத, எரியாத ஒன்றை உருவாக்கினார்கள். அதுதான் சி.எஃப்.சி. வீட்டுக்குள் சாதுவாக இருந்த அது, வானத்தில் ஓசோனை அரிக்கும் என்று 1974இல் மொலினா, ரோலண்ட் இருவரும் எச்சரித்தார்கள். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. இப்போது பல பெட்டிகளில் இருப்பது 'ஆர்-600ஏ', அதாவது ஐசோபியூட்டேன். ஓசோனுக்குத் தீங்கில்லை. ஆனால் தீப்பற்றும். உங்கள் பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் எது இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். மஞ்சள் முக்கோணத்துக்குள் தீச்சுடர் படம் இருந்தால், உள்ளே இருப்பது தீப்பற்றும் வகை.

சரி, இப்போது எங்கள் சமையலறைக்குத் திரும்புவோம். வெப்பம் போகும் வழி தெரிந்துவிட்டால், அது எங்கே அடைபட்டிருக்கிறது என்று தேடுவது சுலபம். நான் தேடிய வரிசையைச் சொல்கிறேன். இதற்கு ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை.

முதலில் சில்லறை விஷயங்கள். வெப்பநிலைத் திருகியை யாராவது திருப்பிவிட்டார்களா? எங்கள் வீட்டில் சிறுவன் ஒருவன் இருப்பதால் இந்தச் சந்தேகம் நியாயமானது. இல்லை, சரியாகத்தான் இருந்தது. பொட்டலம் ஏதும் துருத்திக்கொண்டு கதவை மூடவிடாமல் செய்கிறதா? இல்லை. அடுத்து கதவு ரப்பர். ஒரு ரிங்கிட் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். இறுக்கமாகப் பிடித்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று நுழைகிறது. நான்கு பக்கமும் சோதித்தேன். கீல் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் தளர்வு. அதைக் குறித்துக்கொண்டேன்.

பிறகு பக்கச் சுவர்களைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு. இந்த ஒரு தொடுதல் எனக்கு நிறையச் சொன்னது. சுமைதூக்கி எங்கோ வெப்பத்தை எடுத்து இங்கே கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. கம்ப்ரசர் செத்திருந்தாலோ, கேஸ் முழுக்க வெளியேறியிருந்தாலோ சுவர் இப்படிச் சூடாக இருக்க வாய்ப்பில்லை.

அப்படியானால் கோளாறு உள்பக்கம். உறைபெட்டிக் கதவைத் திறந்து, கதவு மூடும்போது அமுங்கும் சிறு பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்தேன். கதவு மூடிவிட்டதாகப் பெட்டி நினைத்துக்கொள்ளும். உடனே உள்ளே மின்விசிறி சுற்ற வேண்டும். சுற்றியது. ஆனால் 'கர்ர்க், கர்ர்க்' என்று எதிலோ உரசியது. காற்று வர வேண்டிய துளைகளின் முன் கையை வைத்தேன். மூச்சுக் காற்றளவுகூட வரவில்லை. அப்போதுதான் பின்சுவரைக் கூர்ந்து பார்த்தேன். வழுவழுப்பாக இருக்க வேண்டிய வெள்ளைப் பிளாஸ்டிக்கின் மேல், துருவிய தேங்காய்ப்பூ ஒட்டியதுபோல் உறைபனி படிந்திருந்தது.

அம்மாவிடம் சொன்னேன்: "உள்ளே ஐஸ் அதிகமாயிடுச்சும்மா. அதனாலதான் உருகுது."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில், இவளுக்கா மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி இருந்தது.

பனி எப்படிக் குளிரைத் தடுக்கும்?

அலுமினியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். பனிக்கட்டியோ அதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் கடத்தும். உறைபனி இன்னும் மோசம், அதன் துகள்களுக்கிடையே காற்று சிக்கியிருக்கிறது. சுருள் உள்ளே -25 பாகையில் கொதித்துக்கொண்டிருந்தாலும், அதன்மேல் உறைபனி கம்பளிபோல் போர்த்திவிட்டால் வெளியே இருக்கும் காற்றின் வெப்பம் அதை எட்டாது. அதைவிட முக்கியமானது இன்னொன்று. இப்போதைய இரண்டு கதவுப் பெட்டிகளில், சுருளின் தகடுகளுக்கு இடையே காற்றை ஊதித்தான் குளிர் எல்லா இடத்துக்கும் போகிறது. தகடுகளுக்கு இடையில் பனி நிரம்பிவிட்டால் காற்றுக்கு வழியே இல்லை. கீழ்ப் பெட்டிக்கும் மேலிருந்துதான் குளிர்காற்று போக வேண்டும். அதனால் பெரும்பாலும் கீழ்ப் பெட்டிதான் முதலில் வெதுவெதுப்பாகும். யோசித்துப் பார்த்தேன். மூன்று நாளைக்கு முன்பே பால் புளித்திருந்தது. நாங்கள் பாலைக் குறை சொன்னோம்.

அவ்வளவு பனி எங்கிருந்து வந்தது? நம் ஊர்க் காற்றிலிருந்து. 30 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், அதில் 24 கிராம் தண்ணீர் இருக்கிறது. அதே காற்று -18 பாகைக்குப் போனால் ஒரு கிராம் அளவுதான் தாங்கும். மீதி பனியாகப் படிந்தாக வேண்டும். உறைபெட்டியின் கொள்ளளவு 100 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 0.1 கன மீட்டர். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்காற்று முழுவதும் மாறினால், 2.3 கிராம் தண்ணீர் உள்ளே நுழைகிறது. ஒரு நாளைக்கு 20 முறை திறந்தால் 46 கிராம். ஒரு வாரத்தில் 320 கிராம்! காற்று ஒவ்வொரு முறையும் முழுதாக மாறாது என்பதால் உண்மை இதைவிடக் குறைவு. ஆனால் கறிபாப் வியாபாரம் நடக்கும் வீட்டில் 20 முறையோடு நிற்பதும் இல்லை. போதாக்குறைக்கு அந்தத் தளர்ந்த ரப்பர்.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். ஒன்பது வருடமாக இதே வீடு, இதே ஈரக் காற்று. இத்தனை நாள் ஏன் அடைக்கவில்லை? ஏனென்றால் பெட்டிக்குள்ளேயே பனியை உருக்கும் ஏற்பாடு இருக்கிறது. டைமர் ஒன்று, கம்ப்ரசர் பல மணி நேரம் ஓடியபின் அதை நிறுத்திவிட்டு, சுருளுக்குக் கீழே இருக்கும் ஒரு சிறிய ஹீட்டரை இயக்கும். ஆமாம், உறைபெட்டிக்குள் ஒரு ஹீட்டர்! அரை மணி நேரத்துக்குள் பனி உருகி, குழாய் வழியாகக் கம்ப்ரசருக்கு மேல் இருக்கும் தட்டில் வடிந்து, அங்கேயே கம்ப்ரசரின் சூட்டில் ஆவியாகிவிடும். சுருள் சூடேறியதும் ஒரு சிறு தெர்மோஸ்டாட் ஹீட்டரை நிறுத்திவிடும். இது தினமும் நடக்கிறது. நமக்குத் தெரிவதே இல்லை.

ஆகவே என் சந்தேகம் அந்த ஹீட்டர், தெர்மோஸ்டாட், டைமர் மூன்றின் மேலும் விழுந்தது. ஆனால் அதைத் தேடும் முன் உள்ளே இருந்த உணவை ஒரு வழி பண்ண வேண்டும்.

எதை வைத்துக்கொள்வது?

ஒரு சின்னக் கணக்கு. 30 பாகையில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரை -18 பாகைக்குக் கொண்டுபோக எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும்? பூஜ்யம் வரை வர 126 கிலோஜூல். பூஜ்யத்திலேயே நின்றுகொண்டு உறைய 334 கிலோஜூல். அங்கிருந்து -18க்குப் போக 38 கிலோஜூல். மொத்தம் ஏறக்குறைய 498. மூன்றில் இரண்டு பங்கு, வெப்பநிலை ஒரு பாகைகூட மாறாத அந்த ஒரு கட்டத்திலேயே செலவாகிறது. இதைத் திருப்பிப் பாருங்கள். உருகும்போதும் அப்படித்தான். உணவுக்குள் ஐஸ் மிச்சம் இருக்கும்வரை அந்த இடம் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். வெப்பமானி இல்லாத வீட்டில் ஐஸ் துகள்தான் வெப்பமானி.

என்னிடம் வெப்பமானி இருந்தது. இரண்டு பொட்டலங்களுக்கு நடுவே செருகி, கால் மணி நேரம் காத்திருந்து பார்த்தேன். பின்வரிசை ஆட்டிறைச்சி நடுவில் இன்னும் கல்தான். மீனின் வயிற்றில் ஐஸ் துகள்கள் இருந்தன. கறிபாப் பொட்டலங்களில் பின்னால் இருந்த ஒன்பது, பூஜ்யத்துக்கு அருகில். கதவோரம் இருந்த பதினைந்து, 9 பாகை.

உணவுப் பாதுகாப்பில் 4 பாகைதான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே இருந்தால், அல்லது உள்ளே ஐஸ் இருந்தால், மறுபடி உறைய வைக்கலாம், சமைக்கலாம். அதற்கு மேலே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த இறைச்சி, மீன், பால், சமைத்த உணவு எல்லாம் குப்பைக்குத்தான். எங்களுடையது எத்தனை மணி நேரமாக 9 பாகையில் இருந்ததோ, யாருக்கும் தெரியாது.

"மோந்து பாரும்மா, வாசம் நல்லாத்தானே இருக்கு? எண்ணெயில போட்டுப் பொரிக்கத்தானே போறாங்க" என்றார் அம்மா. இதற்குப் பதில் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டு இரவு உழைப்பு அது.

ஆனால் பதில் இதுதான். உணவை நாற வைக்கும் பாக்டீரியா வேறு, நோய் தரும் பாக்டீரியா வேறு. இரண்டாவது வகை வாசனையை மாற்றாமலே பெருகும். உறைய வைப்பது அவற்றைக் கொல்வதில்லை, தூங்கத்தான் வைக்கிறது. இன்னொன்று, 'ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ்' என்ற பாக்டீரியா உணவு வெதுவெதுப்பாக இருக்கும்போது பெருகி விட்டுச்செல்லும் நச்சு, பாக்டீரியா செத்த பிறகும் சமையல் சூட்டில் அழியாது. எண்ணெய்ச் சட்டி எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பதினைந்து பொட்டலத்தையும் தாமே எடுத்து, கறுப்புப் பையில் போட்டுக் கட்டினார். மீதி ஒன்பதை மறுபடி உறைய வைத்திருந்தால் ஆபத்தில்லை. ஆனால் அதையும் விற்க அவருக்கு மனம் வரவில்லை. மெதுவாக உறையும் உணவில் ஐஸ் படிகங்கள் பெரிதாக வளர்ந்து செல்சுவர்களைக் கிழித்துவிடும், கறிபாப் சொதசொதவென்று ஆகிவிடும். கனடாவின் லாப்ரடார் பகுதியில் இனுயிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் நொடியில் உறைந்து, உருகிய பிறகும் புதிதாகவே இருந்ததைக் கண்டுதான் கிளாரன்ஸ் பேர்ட்ஸை 1920களில் வேக உறைதல் முறையைத் தொழிலாக்கினார். அன்று மாலை எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கறிபாப் வாசம். அம்மா ஒவ்வொரு வாடிக்கையாளராக அழைத்து, ஒரு வாரம் தள்ளிப்போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பழுது மட்டுமல்ல, மின்தடை வந்தாலும் இதே கணக்குத்தான். 1996 ஆகஸ்ட் 3 மாலை மலேசியத் தீபகற்பம் முழுவதும் இருண்டு, பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. அப்பா அம்மாவிடம் கேளுங்கள், நினைவிருக்கும். நிரம்பிய உறைபெட்டியைத் திறக்காமல் வைத்தால் 48 மணி நேரம் வரை தாங்கும். பாதி நிரம்பியது 24 மணி நேரம். கீழ்ப் பெட்டி நான்கே மணி நேரம். திறந்து திறந்து பார்த்தால் இந்தக் கணக்கு செல்லாது. மூடிய பெட்டியின் வலிமையை நம்பமாட்டீர்கள் என்றால் ஒரு பழைய சங்கதி. 1833இல் ஃபிரெடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வணிகர், பாஸ்டனிலிருந்து 180 டன் ஏரிப் பனிக்கட்டியைக் கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணம், நிலநடுக்கோட்டைக் கடந்து. மோட்டாரும் இல்லை, கேஸும் இல்லை. 100 டன் அளவுக்குப் பத்திரமாக வந்து இறங்கியது. சென்னை மெரினாவில் அவருடைய பனிக்கட்டிக்காக 1842இல் கட்டிய 'ஐஸ் ஹவுஸ்' இன்றும் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது.

வெள்ளம் வந்தால் மட்டும் கணக்கு வேறு. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் பார்த்தோமே. வெள்ளநீர் பட்ட உணவு உறைந்திருந்தாலும் வேண்டாம். நீரில் நின்ற பெட்டியை, தெரிந்தவர் சோதிக்கும் முன் மின்சாரத்தில் செருகவே கூடாது.

கத்தி எடுத்த கதை

பனியை உருக்க வேண்டும் என்று சொன்னதும் அண்ணன் மகன் ஸ்க்ரூடிரைவரோடு வந்து நின்றான். குத்தி எடுத்துவிடலாமாம். எனக்கு இரண்டாம் படிவம் நினைவுக்கு வந்தது. அப்போது எங்கள் வீட்டில் இருந்தது பழைய ஒற்றைக் கதவுப் பெட்டி. பனி மண்டிக் கிடந்தது. அம்மாவுக்கு உதவி செய்வதாக நினைத்து, சமையல் கத்தியால் கொத்தினேன். ஒரு கொத்து, இரண்டு கொத்து, மூன்றாவதில் 'ஸ்ஸ்ஸ்ஸ்'. பாம்பு சீறுவதுபோல் ஒரு சத்தம், அரை நிமிடத்தில் அடங்கியது. பனிக்குப் பின்னால் இருந்தது மெல்லிய அலுமினியக் குழாய். நான் அதைத்தான் குத்தியிருந்தேன். அந்தப் பெட்டி அதோடு முடிந்தது. இன்றைய பெட்டியில் அதைச் செய்தால், வெளியே வருவது தீப்பற்றும் வாயுவாகவும் இருக்கலாம். கத்தி வேண்டாம், சுத்தியல் வேண்டாம், முடி உலர்த்தும் கருவியும் வேண்டாம். தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் எதற்கு?

நாங்கள் செய்தது மிக எளிது. பிளக்கைப் பிடுங்கினோம், எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம், இரு கதவையும் திறந்து வைத்தோம், தரையில் பழைய துண்டுகளை விரித்தோம். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டோம். தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. மறுநாள் செருகினால், விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. காற்று கையில் சில்லென்று அடித்தது. இரவுக்குள் -18.

"சரியாயிடுச்சு!" என்றார் அம்மா. திங்கட்கிழமை வகுப்பில் கதையைச் சொன்னபோது நான்காம் படிவ மாணவர்களும் அதையேதான் சொன்னார்கள். நான் கரும்பலகையில் ஓர் ஊகத்தை எழுதினேன். ரப்பர் தளர்ந்தது மட்டும்தான் காரணம் என்றால், நான் அதை வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி நிமிர்த்திவிட்டதால், பனி மறுபடி சேரக் கூடாது. பனி உருக்கும் ஏற்பாடு கெட்டிருந்தால், ஒன்று இரண்டு வாரத்தில் மறுபடி அடைக்க வேண்டும். யார் எந்தப் பக்கம்? வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. தினமும் காலையில் முதல் கேள்வி, "டீச்சர், பனி வந்துச்சா?"

ஒன்பதாம் நாள் வந்தது. அதே இடத்தில், அதே தேங்காய்ப்பூ.

இப்போது வேறொரு பழுதுபார்க்கும் அண்ணனை அழைத்தோம். இந்த முறை 'ஐஸ்பெட்டி கெட்டுப்போச்சு' என்று சொல்லவில்லை. கம்ப்ரசர் ஓடுகிறது, பக்கம் சூடாக இருக்கிறது, உருக்கிவிட்டால் ஒன்பது நாள் நன்றாக ஓடுகிறது, பிறகு பின்சுவரில் பனி என்று சொன்னோம். அவர் வரும்போதே ஹீட்டர் ஒன்றையும் கையோடு கொண்டுவந்தார்.

பின்தகட்டைக் கழற்றுவது அவர் வேலை, நம்முடையதல்ல. அவர் மல்டிமீட்டரை ஹீட்டரின் இரு முனைகளிலும் வைத்ததை நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹீட்டர் 150 வாட். உங்கள் பயிற்சிக் கணக்குகளில் வரும் 240 வோல்ட்டையே எடுத்துக்கொண்டால், தடை எவ்வளவு இருக்க வேண்டும்? மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் திறனால் வகுத்தால் 384 ஓம். மீட்டர் காட்டியதோ முடிவிலி. உள்ளே கம்பி அறுந்திருந்தது. தெர்மோஸ்டாட்டையும் அவர் சோதித்தார். அது கடுங்குளிரில்தான் இணையும், வெறும் ஐஸ் போதாது. ஒரு குவளை ஐஸில் கை நிறைய உப்பைப் போட்டுக் கலக்கி, அதில் நனையாதபடி பையில் சுற்றி அமிழ்த்தினார். சற்று நேரத்தில் 'டிக்'. "இது நல்லா இருக்கு டீச்சர், மாத்த வேணாம்" என்றார். உப்பு ஐஸின் உறைநிலையைக் குறைக்கும் என்று நான் ஆய்வுக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதை, அவர் எங்கள் வீட்டுச் சமையலறையில் சாதாரணமாகச் செய்துவிட்டுப் போனார்.

கூலியோடு சேர்த்து 130 ரிங்கிட். பெட்டிக்கு இது பத்தாவது வருடம், இன்னும் ஓடுகிறது. ஒரு நாள் அதுவும் நிற்கும். அப்போது பழைய இரும்புக் கடையில் தள்ளிவிட மாட்டோம். மலேசியச் சட்டத்தில் மின்கழிவுக்கு எஸ்.டபிள்யூ.110 என்று தனிக் குறியீடே இருக்கிறது, அதைச் சேகரிக்க உரிமம் பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

தீபாவளி ஆர்டரை அம்மா எப்படியோ முடித்துவிட்டார், கடைசி நான்கு நாள் நானும் அண்ணியும் ஓரம் மடித்தோம். என் மடிப்பு பொரிக்கும்போது பிரிந்துகொண்டது என்பது தனிக் கதை.

வெளியூர் போகும்போது வீட்டில் மின்தடை வந்து போயிருந்தால் எப்படித் தெரிந்துகொள்வது என்று அம்மா கேட்டார். ஒரு குவளைத் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு 20 சென் காசை வைத்துவிட்டேன். உள்ளே எல்லாம் உருகி மறுபடி உறைந்திருந்தால், காசு மூழ்கி அடியில் கிடக்கும். அம்மா இப்போது ஐஸ்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் முதலில் அதைத்தான் பார்க்கிறார். இன்று காலை வரை காசு மேலேதான் இருக்கிறது.